கதிர்காமத்துக்கு இறக்கிய முடி

மலையில் ஒரு பிள்ளையின் தலை மொட்டையாக இருந்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கோயிலுக்கு முடி இறக்கினீங்க?" எல்ல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பார்கள். பதுளைக் கடைத்தெருவில் கேட்பார்கள். கேட்பவரின் குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் தாய் சட்டென்று சொல்லிவிடுவாள்: "கதிர்காமத்துக்கு." கதிர்காமம் ஊவா மாகாணத்திலேயே இருக்கிறது, வெல்லவாய இறங்கிப் போனால் வந்துவிடும். கேட்டவருக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. மகரகமை ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் கொட்டிய முடி என்று சொல்லப் போனால் நோயின் பெயரையும் சொல்லவேண்டி வரும். பெயரைச் சொன்னால் எதிரில் நிற்பவரின் முகம் மாறும். பிள்ளை பக்கத்திலேயே நின்று அந்த முகத்தைப் பார்க்கும். அதனால்தான் கதிர்காமம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்த பிள்ளையைப் பார்த்து இப்படிக் கேட்கவே இடமிருந்திராது. அன்று இந்தத் தேயிலைத் தோட்டங்களில் இரத்தப் புற்றுநோயில் போன பிள்ளைகள் பெரும்பாலும் தலைநிறைய முடியோடுதான் போனார்கள். முடியைக் கொட்டவைக்கும் மருந்து அவர்கள் இருந்த லயத்து வீடுவரை வந்து சேரவில்லை. நோயின் பெயரும் வந்து சேரவில்லை.

1970களின் எல்ல, ஒரு சிறு ரயில் நிலையமும் சில கடைகளும் கொண்ட மலைச்சந்தி. தெமோதரை, நமுனுகுலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. தோட்டத்து நோயாளி முதலில் போவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு. பிரிட்டிஷ் காலத்துச் சட்டங்கள் தொழிலாளியின் உடல்நலத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டிருந்தன. சுதந்திரத்துக்குப் பின்னும் நெடுங்காலம் அது அப்படியே தொடர்ந்தது. போத்தலை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். அதில் மிக்ஸர் மருந்து ஊற்றித் தருவார்கள். அதில் தீராவிட்டால் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுவார்கள். அதற்குள் வாரங்கள் போயிருக்கும்.

பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் முதலில் காட்டும் அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை: முகம் வெளிறும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும், கால் வலிக்கிறது என்று பிள்ளை அழும், வயிறு லேசாக உப்பும், விழாமலேயே உடம்பில் நீலத் தழும்பு காணும். அன்றைய தோட்டத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறொரு காரணம் தயாராக இருந்தது. வெளிறலுக்குக் கொக்கிப்புழுவும் இரத்தக் குறைவும், வயிற்றுக்குப் பூச்சி, கால் வலிக்கு மலை ஏறியது, தழும்புக்கு விளையாட்டு. 1973, 74இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பசியே உயிர்களைக் கொண்டுபோனது. அந்த நாட்களில் ஒரு பிள்ளை மெலிந்து வெளிறியதை யார் தனியாகக் கவனித்திருக்க முடியும்? 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பிறந்த 1000 குழந்தைகளில் 100க்கும் மேற்பட்டவை ஒரு வயதைத் தாண்டவில்லை. அத்தனை சாவுகளுக்கிடையே ஓர் அபூர்வ நோயின் சாவு கண்ணில் படவில்லை. காய்ச்சலில் போனான் என்றார்கள், சோகையில் போனாள் என்றார்கள். தேயிலை மலையின் ஓரத்தில் புதைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனார்கள்.

இன்று குழந்தை மரணம் பல மடங்கு குறைந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமாகிவிட்டது. மருத்துவ மாது வருகிறார். பிள்ளையின் நிறை அட்டையில் ஏறுகிறது. காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினால் பதுளையிலோ பண்டாரவளையிலோ இரத்தம் எடுத்து, வெண்குருதிக்கலம் எத்தனை, குருதிச் சிறுதட்டு எத்தனை என்று அன்றே சொல்லிவிடுகிறார்கள். மற்ற மரணங்கள் விலகிய பின்புதான் இந்த நோய் தன் முகத்தைக் காட்டியது. தோட்டத்தில் புற்றுநோய் கூடிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த உண்மையும் கலந்திருக்கிறது. முன்பு பெயரில்லாமல் போனது இப்போது பெயரோடு வருகிறது.

மருந்தின் கதையிலும் ஓர் அன்றும் இன்றும் உண்டு. 1947இல் பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, இரத்தப் புற்றுநோய் சில மாதங்களுக்காவது பின்வாங்கும் என்று காட்டினார். அதுவரை நோயைக் கண்டறிவதும் சாவு நாளைச் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. 1962இல் மெம்ஃபிஸ் நகரில் திறந்த சென்ட் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கெல் பல மருந்துகளைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் முறையை வகுத்தார். 1970 அளவில் அங்கே ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். பிள்ளைகளில் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில், வசதியுள்ள நாடுகளில் இன்று 10 பேரில் 9 பேர் பிழைக்கிறார்கள்.

அந்த மருந்துகளில் ஒன்று நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. வின்கிறிஸ்டின் என்று பெயர். 1960களில் புழக்கத்துக்கு வந்தது. லயத்து வாசலிலும் கோயில் ஓரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக்கிடக்கும் செடி அது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான பச்சைக் கொழுந்தில்தான் ஒரு கிலோ தேயிலை இறங்கும் என்று கையால் அறிந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கின் பாரம் உடனே புரியும். 1970களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வாசலிலும் இந்தப் பூ இருந்தது. பூவுக்கும் ஊசிக்கும் இடையில் இருந்த தூரம்தான் அந்தப் பிள்ளைக்கும் உயிருக்கும் இடையில் இருந்த தூரம்.

தூரம் என்றால் மலைநாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பாதை. இலங்கையில் பிள்ளைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதன்மையான இடம் அன்றும் மகரகமை, இன்றும் மகரகமை. எல்லவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர். அன்று பெரும்பாலும் கோச்சியில்தான் போவார்கள். 1924இல் பதுளையை எட்டிய அந்தத் தண்டவாளம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளம். ஒரு முழுப் பகலையோ முழு இரவையோ அது எடுத்துக்கொள்ளும். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே மலைக் கோச்சி ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்களை இந்தியா போகும் தலைமன்னார்க் கப்பலை நோக்கி ஏற்றிச் சென்றது. வழியனுப்பியவர்களின் அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது. அன்றைய தோட்டத்துத் தாய்க்குக் கொழும்புப் பக்கம் போகும் ரயில் என்பது பிரிவின் பெயர். நோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறுவதற்கு, பயணச்சீட்டின் காசைவிடப் பெரிய துணிவு வேண்டியிருந்தது.

இன்று எல்ல உலகமறிந்த ஊர். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் ரயில் வரும் நேரத்துக்குப் பல நாட்டவர்கள் கமராவோடு காத்திருக்கிறார்கள். தோட்டத்து இளைஞர்கள் அங்கே விடுதிகளில் வேலை செய்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள். மகரகமை போகும் குடும்பம் பெரும்பாலும் இரவு பஸ்ஸைப் பிடிக்கிறது. பதுளையிலிருந்து கொழும்பு செல்லும் 99ஆம் இலக்க பஸ் பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று இறங்கும். இரத்தினபுரிப் பாதை மகரகமையின் ஊடாகத்தான் கொழும்புக்குள் நுழைகிறது. ஆறு ஏழு மணித்தியாலம். பெரகலை வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுக்கும். மருந்து ஏற்றித் திரும்பும்போது கட்டாயம் எடுக்கும். அதற்கென்று சில பொலித்தீன் பைகள், ஒரு துவாய், ஒரு மாற்றுச் சட்டை, சுடுதண்ணீர் போத்தல், ரொட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் நனையாமல் பொலித்தீனில் சுற்றிய கிளினிக் கொப்பி. அந்தக் கொப்பி ஓரம் கிழிந்து, பிளாஸ்டர் ஒட்டி, பிள்ளையைவிட வேகமாக வயதாகும்.

மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இன்று அபேக்ஷா என்று பெயர். எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். நம் தேர்தல் மேடைகளில் அபேட்சகர் என்கிறோமே, அதே வேர்ச்சொல். அங்கே சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. அரச வைத்தியசாலைகளில் இலவச மருத்துவம் என்ற ஏற்பாட்டை இந்த நாடு 1950களின் தொடக்கத்திலிருந்து காத்துவருகிறது. மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்த காலத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறந்தே இருந்தது. உலகின் பல ஏழை நாடுகளில் வீட்டையும் மாட்டையும் விற்று வாங்கும் ஊசி இங்கே கேட்காமலே கிடைக்கிறது. இது சிறிய காரியமில்லை.

இரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்து ஏறும் காலத்தில் பிள்ளைக்கு இரத்தமும் சிறுதட்டுகளும் பலமுறை ஏற்ற வேண்டிவரும். முன்பெல்லாம் ஏற்றும் இரத்தத்துக்கு ஈடாகக் குடும்பமே ஆட்களைக் கூட்டிவருவது வழக்கமாக இருந்தது. பலாங்கொடைக்கு அப்பால் ஒருவரையும் அறியாத தாய், மகரகமையில் யாரைக் கூட்டிவருவாள்? 2014இல் இலங்கை முழுமையாகத் தன்னார்வக் கொடையாளரின் இரத்தத்துக்கே மாறியது. இன்று யாரோ ஒருவர், விகாரையில் நடந்த முகாமிலோ பாடசாலை மண்டபத்திலோ கொடுத்த இரத்தம், கேள்வி கேட்காமல் மலைநாட்டுப் பிள்ளையின் உடம்பில் ஓடுகிறது.

மொழியில் மாற்றம் பாதி வழியில் நிற்கிறது. 1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் சந்தையில், பஸ்ஸில் சிங்களம் கதைப்பார்கள். ஆனால் என்புமச்சை, முள்ளந்தண்டில் ஊசி, நோய் திரும்ப வரும் வாய்ப்பு என்பவை சந்தைச் சிங்களத்தில் அடங்குவதில்லை. டொக்டர் சொல்ல, மிஸி சுருக்க, பக்கத்துக் கட்டில் தாய் அதைத் தமிழாக்க, மூன்று கை மாறி வந்து சேரும் செய்தியில் கடைசியில் இரண்டே சொற்கள் மிஞ்சும்: "பயப்பட வேண்டாம்." அந்தப் பக்கத்துக் கட்டில் தாய் யாழ்ப்பாணமாகவோ மட்டக்களப்பாகவோ புத்தளமாகவோ இருக்கலாம். அக்கா, தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். வீடு திரும்பிய பிறகும் தொலைபேசியில் பிள்ளைகளின் இரத்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்வார்கள். அன்றைய தாய்க்குக் கிடைக்காத உறவு அது.

இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி வீட்டில் நடக்கிறது. முதல் நான்கைந்து வாரத்திலேயே நோய் கண்ணுக்கு மறைந்துவிடும். பிள்ளை சாப்பிடும், ஓடும், பழையபடி சண்டை பிடிக்கும். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேல் மருந்து உண்டு. ஒவ்வொரு இரவும் மெர்கப்டோபியூரின் குளிசை, வாரத்தில் ஒரு நாள் மெதோட்ரெக்ஸேட். பிள்ளையின் உடலளவுக்கேற்ப ஒரு நாள் முழுசு, மறுநாள் பாதி. வெள்ளைத் துணி விரித்து, பிளேட்டால் குளிசையை நடுவில் வெட்டி, ஒரு பாதியைத் தேக்கரண்டியில் கரைத்து, மறுபாதியைத் தாளில் மடித்துச் சாமி படத்தின் பின்னால் வைப்பாள் தாய். மலையில் கொழுந்தின் எடை குறைந்தால் கிடைக்கும் அரைப்பேரை, அரைநாள் சம்பளத்தை, அறிந்தவள் அவள். பாதி என்ற சொல் அவளுக்கு இழப்பையே சொல்லிவந்தது. இந்தப் பாதி மட்டும் குறையில்லாத முழு அளவு.

ஏழை நாடுகளில் பிள்ளைகளை இழக்கும் பெரிய வழி ஒன்று இங்கேதான் இருக்கிறது. பிள்ளை சுகமாகிவிட்டது, இனி ஏன் அவ்வளவு தூரம் என்று குடும்பம் நின்றுவிடும். மறைந்திருந்த நோய் திரும்பும்போது முதல் தடவைபோல மருந்துக்கு மடங்காது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியுள்ள நாடுகளில் 80 வீதத்துக்கு மேல் பிழைக்க, பல ஏழை நாடுகளில் 30 வீதத்தை எட்டுவதில்லை. 2018இல் உலக சுகாதார நிறுவனம், 2030க்குள் உலக அளவில் 60 வீதமாவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்குக்கு மருந்து மட்டும் போதாது. கிளினிக் நாளில் அந்தத் தாய் பஸ்ஸில் ஏறியாக வேண்டும்.

ஏறுவதற்கு என்ன விலை என்பதைத் தோட்டத்துக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். மலைக்குப் போனால்தான் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். 2016இல் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா, 2021இல் கொடுப்பனவும் சேர்த்து 1000, 2024இல் அடிப்படையே 1350. அதற்குப் பின்னும் கூடியது. சம்பளம் கூடியிருக்கிறது, ஆனால் ஒரு நாள் போகாவிட்டால் இழப்பதும் அதே அளவு கூடியிருக்கிறது. ஒரு கிளினிக்குக்குப் போக ஓரிரவு, வர ஓரிரவு, இடையில் ஒரு பகல். வார்டில் நிறுத்தினால் வாரங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும் காலம். அந்தப் பருவத்தில் கூடையை ஆணியில் மாட்டிவிட்டு வார்டில் உட்கார்ந்திருக்கும் தாயின் மனம் மலைக்கும் கட்டிலுக்குமாக அலையும். மருந்து இலவசம். நாட்களுக்குத்தான் அவள் விலை கொடுக்கிறாள்.

இங்கே அன்று இருந்து இன்று குறைந்துபோன ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லயத்தில் இருபது குடும்பம் ஒரே கூரை. ஒரு தாய் ஆஸ்பத்திரியில் இருந்தால் அடுத்த காம்பராவில் அவளுடைய மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ரொட்டி வேகும். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். இன்று சிலருக்குத் தனி வீடும் சொந்த வாசலும் கிடைத்திருக்கின்றன. நூற்றாண்டு காலம் மறுக்கப்பட்ட மரியாதை அது. ஆனால் அடுத்த வீட்டுப் பெண் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறாள். சித்தப்பா கொழும்புக் கடையில் நிற்கிறார். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு பாட்டி. நோய்ப் பிள்ளையின் அண்ணனோ அக்காவோ அந்த இரண்டு ஆண்டில் தானாகவே வளர்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடுவதும் உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கிளினிக் கொப்பியிலும் இல்லை.

காய்ச்சல் இரவுகள் வேறு. மருந்து வெண்குருதிக்கலங்களைக் குறைத்துவிட்ட நாட்களில் 38 பாகையைத் தாண்டும் சூடு, விடியும்வரை காத்திருக்காது. உடனே ஊசி ஏறாவிட்டால் கிருமி பிள்ளையைக் கொண்டுபோய்விடும். அன்று இரவில் தோட்டத்திலிருந்து இறங்க வேண்டுமானால் ஒபிஸ் தொலைபேசிக்கும் தோட்ட லொறிக்கும் துரையின் அனுமதி வேண்டும். இன்று வீட்டில் வெப்பமானி இருக்கிறது, கையில் தொலைபேசி இருக்கிறது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை ஊவாவுக்கும் வந்துவிட்டது. பெரும் பாதைவரை வரும் அம்புலன்ஸ் தோட்டத்து உள்பாதையில் தடுமாறும். மழைக்காலத்தில் தகப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை நோக்கி நடக்கிறான். அன்று பதுளைவரை சுமந்தான், இன்று தார்ப்பாதைவரை.

கிடைத்தது நிலையானது என்று நம்பிவிடவும் முடியாது. 2022இல் நாடு கடனில் முறிந்தபோது எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது, பஸ் குறைந்தது, புற்றுநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டுத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மருந்து அனுப்பினார்கள். எழுபது ஆண்டில் கட்டிய இலவச மருத்துவம் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த மாதங்களில் வார்டில் இருந்த தாய்மார் நேரில் கண்டார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை. அன்று அந்தப் பிள்ளைகள் வலியோடு, காரணம் தெரியாமல் போனார்கள். இன்று வலியைத் தணிக்க மருந்து உண்டு. மகரகமையில் இந்திரா புற்றுநோய் அறக்கட்டளையின் சுவ அரண போன்ற இடங்களில், குணமாகாத பிள்ளையும் தாயும் சேர்ந்து தங்கிப் பராமரிப்புப் பெறலாம். தாய் கையைப் பிடித்திருக்க, பிள்ளை வலியில்லாமல் தூங்க முடிகிறது. மரணத்தை வெல்லாத இடத்திலும் மனிதர் சற்று முன்னேறியிருக்கிறார்கள்.

பிழைக்கும் பிள்ளைக்கு ஊசிக்காலம் முடிந்து குளிசைக்காலம் தொடங்கும்போது முடி திரும்ப முளைக்கிறது. முதலில் நித்தியகல்யாணிக் காயின் மேலிருப்பதுபோல மெல்லிய பூனைமுடி. பிறகு அடர்ந்து, சில பிள்ளைகளுக்குச் சுருண்டும் வரும். தாய் அதற்குக் கத்தரிக்கோல் வைப்பதில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் போய், இனிக் குளிசை வேண்டாம் என்று கொப்பியில் எழுதிய பிறகு, குடும்பம் இன்னொரு பயணத்துக்கு ஆயத்தமாகிறது. இந்த முறை பஸ் பெரகலைப் பக்கம் போகாமல் வெல்லவாயப் பக்கம் இறங்கும். மாணிக்க கங்கையில் குளிக்கவைத்து, நாவிதர் முன் பிள்ளையை உட்காரவைத்து, வளர்ந்த முடியை இறக்குகிறார்கள்.

மறுநாள் எல்ல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது யாராவது கேட்பார்கள்: "எந்தக் கோயிலுக்கு முடி இறக்கினீங்க?" தாய் பழைய பதிலையே சொல்வாள்.